ஷஹர்பானு மாற்றிச் சொன்னது

பள்ளிபாளையத்தில் அந்தத் தெருவுக்குப் போய் ஷஹர்பானுவின் வீடு எது என்று முன்பெல்லாம் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. “ஊமப்புள்ள அண்ணி ஊடுங்களா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். போன மாதம் நான் போய்க் கேட்டபோது பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பதில் சொல்லத்தான் ஆளில்லை. குழாயடியில் நின்ற ஒரு பெண் மட்டும், “அறுவது குடும்பத்துச் சோத்துல மண்ணப் போட்டுட்டுப் போயிட்டா. அவள எதுக்குங்க தேடறீங்க?” என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் தெருமுனை தாண்டும் வரை பார்த்தபடியே நின்றாள்.

ஷஹர்பானு பிறந்தது சங்ககிரியில். அவளுடைய அத்தா லாரிகளுக்கு டயர் கழற்றிப் பஞ்சர் ஒட்டுபவர். இருபது வயதில் தமீமைக் கட்டிக்கொண்டு பள்ளிபாளையம் வந்தாள். தமீம் விசைத்தறி பிட்டர். தறி எங்கே நின்றாலும் ஸ்பானர் பையோடு ஓடுகிற ஆள். வீட்டில் மாமியார், அப்புறம் தமீமின் தங்கை கௌசியா.

கௌசியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சேலத்தில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தாள். அங்கே கைகளால் பேசக் கற்றுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பி வந்தபோது அவள் கைப்பேச்சு தெரிந்தவர் இங்கே ஒருவரும் இல்லை. அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே சோறு, தண்ணீர், தூக்கம், கடை என்று ஒரு இருபது சைகைதான் ஓடியது. புதுப்பெண்ணாக வந்த ஷஹர்பானு ஆறே மாதத்தில் மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டாள். பாசத்தினால் இல்லை என்று, பிறகு நான் அவளைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவளே சொன்னாள். “ஒரே அடுப்புல நிக்கறோமுங்க. அவ என்னய என்ன வையறாள்னு தெரிஞ்சுக்கோணுமில்ல?”

கௌசியா அடங்கிப் போகிறவள் அல்ல. கோபம் வந்தால் தட்டைச் சுவரில் எறிவாள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் தராசைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். மாமியார் இறந்த பிறகு டாக்டரிடம், கடையில், வேலை கேட்டுப் போன இடத்தில், எல்லா இடத்திலும் கௌசியா கையால் சொல்வதை ஷஹர்பானு வாயால் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் மாற்றுவாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கௌசியா கண்டபடி திட்டினால், “பரவாயில்லைங்கறா” என்பாள். கௌசியா உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். பதினேழு வருடமாகப் பார்க்கிற உதடு. சில நாள் சிரிப்பாள், சில நாள் முறைப்பாள்.

கௌசியா வேலை பார்த்தது கைலாசம் என்பவரின் சாயப்பட்டறையில். சாயம் ஏற்றிய நூல் கட்டுகளை உதறி, வெளியே மூங்கிலில் காயப் போடுகிற வேலை. அங்கே பாய்லர் பார்த்தவர் அம்மாசி, ஐம்பது வயதைத் தாண்டியவர். பட்டறையின் கழிவுத் தண்ணீரை மண்ணுக்கடியில் குழாய் போட்டுக் காவிரிக்கு விடுகிறார்கள் என்று சோதனைக்கு வந்த அதிகாரிகளிடம் அவர் சொன்னதோடு, குழாய் போகிற இடத்தையும் மிதித்துக் காட்டினார். பட்டறையை ஒரு வாரம் பூட்டி வைத்தார்கள். திறந்த மூன்றாம் நாள், இரண்டாயிரத்து இருபத்துநான்கு அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கைலாசத்தின் மகன் யோகேஷ் இரும்புக் கம்பியால் அம்மாசியை மண்டையில் அடித்தான். விழுந்தவரை இழுத்துப்போய்க் கழிவுத் தொட்டியில் தள்ளினான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கௌசியா காயும் நூலுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

யோகேஷ் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பேசவே முடியாத அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்று காட்டினான். பிறகு தன் சைகையை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு போனான்.

கௌசியா பாதி வேலையில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஷஹர்பானுவிடம் காட்டினாள். கம்பி எப்படி ஏறி இறங்கியது, எத்தனை தடவை, இரண்டு கையாலும் எப்படித் தள்ளினான், எப்படிச் சிரித்தான். தறியிலிருந்து வந்த தமீம் கேட்டுவிட்டு, “யார்கிட்டயும் மூச்சு விடாத. அவளையும் சும்மா இருக்கச் சொல்லு” என்றான்.

சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்க, அம்மாசி கால் வழுக்கித் தொட்டியில் விழுந்துவிட்டார் என்றாகிவிட்டது. அவர் மனைவி ராமாயி நம்பவில்லை. காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்தாள். பிரேதப் பரிசோதனையில் மண்டை ஓடு மூன்று இடத்தில் உடைந்திருப்பதாக டாக்டர் எழுதினார். இன்ஸ்பெக்டர் தமிழரசு பட்டறைக்கு வந்து விசாரித்தபோது, அறுபது பேரும் சாப்பிடப் போயிருந்ததாகவே சொன்னார்கள். கௌசியா போய் ஜீப்பின் முன்னால் நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். அவளுக்கு அதெல்லாம் எங்கே கேட்கும்? நகரவில்லை.

“இந்தம்மா என்ன சொல்லுது?” என்றார் தமிழரசு.

“இவங்க அண்ணியக் கூப்புடுங்க சார். அந்தம்மாளுக்குத்தான் புரியும்” என்றார் பட்டறை ஆள் ஒருவர்.

ஷஹர்பானுவை வரவழைத்தார்கள். அன்றைக்கு அவள் எதையும் மாற்றவில்லை. கௌசியா காட்டியதை அப்படியே சொன்னாள். யோகேஷைக் கைது செய்தார்கள். மாஜிஸ்ட்ரேட் முன்னால் கௌசியா வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று பன்னிரண்டு நாள் கழித்துத் தேதி வந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. கைலாசம்தான் பூட்டினார். மகன் வரும் வரை திறக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அறுபது பேரும் தெருவில் நின்றார்கள். அதில் பாதிப்பேர் ஷஹர்பானுவின் தெருவைச் சேர்ந்தவர்கள். குழாயடியில் அவள் குடத்தை வரிசையிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்கள். மளிகைக் கடைக்காரர் கேட்ட சாமான் இல்லை என்றார். அது அவர் கண்முன்னாலேயே அடுக்கியிருந்தது. ஒருநாள் காலையில் வாசலைத் திறந்தால், படி முழுக்கச் சிவப்புச் சாயத் தண்ணீர். கௌசியா எதிர்வீட்டைப் பார்த்துக் கையால் கெட்ட வார்த்தை காட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

எட்டாம் நாள் பகல் பதினோரு மணிக்குக் கைலாசமே வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தமீம் வேலைக்குப் போயிருந்தான்.

“உங்க நாத்தனார மாத்திச் சொல்லச் சொல்லி நான் கேக்க வரல தங்கச்சி. அது பாத்தத அது சொல்லட்டும். தப்பில்ல.”

ஷஹர்பானு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“ஆனா அது சொல்றது உங்களுக்குத்தான புரியுது? வேற ஒருத்தருக்கும் புரியாதில்ல?”

பிறகு போனை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். அவள் மகள் நாஸியா பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற படம். இன்னொன்று, பேருந்துக்குள் ஜன்னலோரம். மூன்றாவது, டியூஷன் வாசலில் செருப்பு மாட்டுகிறாள். பதினைந்து வயதுப் பெண்.

“பாப்பா பத்தாவதுங்களா? நல்லாப் படிக்குதா?”

அவ்வளவுதான். குடித்த டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். சமையலறை வாசலில் நின்ற கௌசியா, அந்த ஆள் என்ன சொன்னான் என்று கையால் கேட்டாள். ஷஹர்பானு, நாஸியா எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார் என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். அவர் வேறு எங்கோ பந்தோபஸ்தில் இருந்தார். “மெரட்டுனாரா? என்ன சொல்லி மெரட்டுனாரு?” என்றார். “பாப்பா நல்லாப் படிக்குதான்னு கேட்டாருங்க” என்றாள். சொல்லும்போதே அது மிரட்டல் மாதிரி இல்லை என்று அவளுக்கே தோன்றியது. “ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுங்கம்மா. பாதுகாப்பு வேணும்னா அதுக்குக் கமிட்டி இருக்குது. மனு போகோணும், ரிப்போர்ட் போகோணும், நாளாகும்” என்றார் அவர். காவல் நிலையத்துக்கு எதிரே கைலாசத்தின் வேன் பகலெல்லாம் நின்றது. ஷஹர்பானு போகவில்லை. நாஸியாவுக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்கு லீவு சொன்னாள். தமீமிடம் சொன்னபோது, “உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

மாஜிஸ்ட்ரேட் அறைக்குள் நான்கே பேர். மாஜிஸ்ட்ரேட், வீடியோ எடுக்கிறவர், கௌசியா, ஷஹர்பானு. மாஜிஸ்ட்ரேட் ஒரு இளம்பெண். சேலம் பள்ளிக்கு ஆள் கேட்டு எழுதியும் பதில் வரவில்லை என்பதால், வீட்டு ஆளே மொழிபெயர்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். கௌசியா சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று ஷஹர்பானுவிடம் உறுதிமொழி வாங்கினார்.

கௌசியா எழுந்து நின்று காட்டினாள். கம்பியைத் தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள், இறக்கினாள். அறையே அதிர்கிற மாதிரி இருந்தது.

“என்ன சொல்றாங்க?”

“தொட்டிக்குள்ள கம்பிய விட்டு விட்டு எடுத்தாங்கன்னு சொல்றாங்க” என்றாள் ஷஹர்பானு. “உள்ள விழுந்தவரத் தூக்கறதுக்கு.”

கௌசியா இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தள்ளினாள்.

“அவரா விழுந்துட்டாருன்னு சொல்றாங்க. கால் வழுக்கி.”

கௌசியாவின் கைகள் அந்தரத்தில் நின்றன. அவள் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்கவில்லை; அண்ணியின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே எட்டில் வந்து ஷஹர்பானுவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கம்பியை மறுபடி ஓங்கி இறக்கிக் காட்டினாள். இன்னொரு தடவை. மேஜையை அறைந்தாள்.

“ஏன் இவ்வளவு கோபப்படறாங்க?”

“செத்தவர நெனச்சு அழுவறாங்கம்மா.”

கௌசியா அழவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவைத் தரையில் எறிந்தாள். ‘சாட்சி உணர்ச்சிவசப்பட்டிருந்ததால் கையெழுத்துப் பெற இயலவில்லை’ என்று குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் யோகேஷுக்கு ஜாமீன் கிடைத்தது. பட்டாசு வெடித்தார்கள். பட்டறை திறந்தது. குழாயடியில் ஷஹர்பானுவின் குடத்துக்கு மறுபடி இடம் கிடைத்தது. மளிகைக் கடைக்காரர், “வாங்கக்கா” என்றார். அவள் வாழ்க்கையிலேயே மிகக் கேவலமான வாரம் அதுதான் என்று என்னிடம் சொன்னாள். “திட்டுனப்பக்கூட தலை நிமிந்து நடந்தேனுங்க.”

வீட்டுக்குள் வேறு விதமான போர். பேச மாட்டேன் என்று கோபித்துக்கொள்கிற மனுஷர்களிடம்கூட நாம் பேசலாம், அவர்கள் காதில் விழும். கௌசியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஷஹர்பானு கையைத் தூக்கினால் கண்ணை மூடினாள். தோளைத் தொட்டால் உதறினாள். ஷஹர்பானு ஆக்கிய சோற்றைத் தொடவில்லை. தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் தனக்கு மட்டும் கஞ்சி வைத்துக்கொண்டாள். நாஸியா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

பதினோராம் நாள் காலை கௌசியா வீட்டில் இல்லை. ஈரோட்டுக்கு நடந்தே காவிரிப் பாலத்தைக் கடந்து, அங்கே சேலம் பேருந்து ஏறியிருந்தாள். அந்தப் பேருந்தில் அவள் தனியாகப் போனதே கிடையாது. நேரே தான் படித்த பள்ளிக்குப் போனாள். அவளுக்குக் கைப்பேச்சு கற்றுக்கொடுத்த கயல்விழி டீச்சர் இன்னும் அங்கேதான் இருந்தார். இரண்டு மணி நேரம் கௌசியா பேசினாள். அவளுடைய கைப்பேச்சு பாதி பள்ளியில் கற்றது, பாதி வீட்டில் அண்ணியோடு சேர்ந்து உண்டாக்கியது. புரியாத இடத்தில் டீச்சர் நிறுத்திக் கேட்டார். அன்றைக்கே ராமாயியையும் அரசு வக்கீலையும் தேடிப் போய், மாஜிஸ்ட்ரேட் அறையில் எடுத்த வீடியோவைத் தான் பார்க்க வேண்டும் என்றார்.

அதற்கு நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்க ஒரு மாதமாயிற்று. கயல்விழி வீடியோவைப் பார்த்தார். கூட இன்னும் இரண்டு சைகைமொழி ஆசிரியர்களைத் தனித்தனியாகப் பார்க்க வைத்தார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். அடித்தான், தள்ளினான். கூடவே, மொழிபெயர்த்தவர் சொன்னது இது இல்லை என்றும்.

செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது கைலாசத்துக்கு. அவருடைய வக்கீல் மறுநாளே ஷஹர்பானு வீட்டில் இருந்தார்.

“நீங்க ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. ரொம்பச் சுலபம். உங்க நாத்தனாருக்கு அறிவு வளர்ச்சி கம்மி. கைய ஆட்டுவாங்க, ஒரு நாளைக்கு ஒரு மாதிரி ஆட்டுவாங்க. அதுக்கு அர்த்தமெல்லாம் கெடையாது. நீங்களா பார்த்து, குத்துமதிப்பா சொல்றதுதான் வழக்கம். இவ்வளவு சொன்னாப் போதும்.”

ஷஹர்பானு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். “அறிவு கம்மியா?”

“கேஸுக்காகத்தானம்மா.”

“எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்ததே அவதானுங்க. எம் புள்ளைக்கு அ, ஆ எழுதக் கை புடிச்சது அவ.”

“அதெல்லாம் கோர்ட்டுக்குத் தேவையில்ல.”

“நான் அப்படிச் சொல்லிட்டன்னா, நாளைக்கு அவ எதைச் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. வயித்த வலிக்குதுன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டாங்க.”

வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “உங்க பொண்ணு இன்னும் அதே பஸ்லதான் போகுதா?”

அதைக் கேட்டதும் தனக்குள் பயம் போகவில்லை, அதோடு கூட வெறுப்பும் சேர்ந்துகொண்டது என்றாள் ஷஹர்பானு. “ஒரு தடவ பயந்து மாத்திச் சொல்லியாச்சு. மறுபடியும் அதே புள்ளையக் காட்டறான். சாவற வரைக்கும் காட்டிட்டே இருப்பான்னு புரிஞ்சுபோச்சுங்க.”

அவள் தமீமைக் கேட்கவில்லை. நாஸியாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி, கைலாசத்தின் வேன் முன்னாலேயே இறங்கிக் காவல் நிலையத்துக்குள் போனாள். தான் மாற்றிச் சொன்னதை, ஏன் சொன்னாள் என்பதை, போன் படங்களை, வக்கீல் பேச்சை, எல்லாவற்றையும் சொன்னாள்.

தமிழரசு எழுந்து நின்றுவிட்டார். “கோர்ட்ல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னா ஏழு வருசம் தெரியுமா? உன்னால ஒரு கொலைகாரன் வெளிய திரியறான்.”

“நான் போன் பண்ணி சொன்னனுங்க சார்.”

“எழுதிக் குடுக்கச் சொன்னனில்ல?”

“எழுதிக் குடுக்க வந்திருந்தா, திரும்பி ஊடு போயிச் சேந்திருப்பனாங்க?”

தமிழரசு உட்கார்ந்தார். பேப்பரை இழுத்து எழுத ஆரம்பித்தார். வெளியே வந்ததும் நாஸியா அம்மாவின் கையை உதறினாள். “எனக்காகத்தான் பொய் சொன்னீங்கன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. கௌசியா மாமி மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?”

சாட்சிகளைப் பாதுகாக்க மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. அரசு வக்கீல் அதற்கு மனுக் கொடுத்தார். எவ்வளவு ஆபத்து என்று டி.எஸ்.பி. விசாரித்து அறிக்கை அனுப்பினார். இந்த முறை இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. யோகேஷின் ஜாமீனை ரத்து செய்தார்கள். பள்ளிக்குப் போனதிலிருந்து சேலத்திலேயே தங்கிவிட்ட கௌசியா அங்கேயே இருக்கட்டும், இருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்றார்கள். ஷஹர்பானு வீட்டு வாசலில் ஒரு காவலரைப் போட்டார்கள்.

காவலர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்தார். அவர் வந்த பிறகு தெருவின் வெறுப்பு இரண்டு மடங்காயிற்று. பட்டறை மறுபடி பூட்டியிருந்தது. “கூலிக்குப் போனவன் குடும்பம் தெருவுல நிக்குது, பொய் சொன்னவளுக்குப் போலீஸ் காவலு” என்று காவலர் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். ஜமாத்திலிருந்து இரண்டு பேர் வந்து, ஊரோடு பகைத்துக்கொண்டு இருக்க முடியாது, பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். தறி முதலாளிகள் தமீமைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். “போலீஸ் நிக்கற ஊட்டுக்கு அக்கம்பக்கத்துல வாடகைக்கு ஆளு வர மாட்டேங்குது பாய். நீங்க பாத்துக்குங்க.”

தமீம் அன்றைக்குத்தான் முதல்முதலாக மனைவியிடம் சத்தம் போட்டான். “மாஜிஸ்ட்ரேட்டுகிட்டயே நிசத்தச் சொல்லியிருந்தா ஒரு தடவ அடி வாங்கியிருப்போம். இப்ப ரெண்டு பக்கமும் வாங்கறோம்.”

“மொதல்ல நான் உங்களக் கேட்டப்ப எங்க பாத்துப் படுத்தீங்க?” என்றாள் அவள்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தமீமின் பழைய கூட்டாளி மேஸ்திரியாக இருந்தார். அங்கே தீவனம் அரைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சாமான்களை ஏற்றிய அன்று தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள். ஒருவரும் ஒரு பெட்டியைக்கூடத் தூக்கிக் கொடுக்கவில்லை.

வழக்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் விசாரணைக்கு வந்தது. இப்படிப்பட்ட சாட்சிகளுக்கென்று மாவட்ட நீதிமன்றத்தில் தனி அறை இருக்கிறது. தனி வாசல், குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் கண்ணில் படாது, கேமரா வழியாக நீதிபதி பார்ப்பார். கௌசியா அங்கே கயல்விழியோடு உட்கார்ந்து ஒருநாள் முழுக்கச் சாட்சி சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் நூற்றுப் பதினேழு கேள்வி கேட்டார். நூல் கட்டுகளுக்கு நடுவே எப்படிப் பார்த்தாய் என்று நான்காவது முறை கேட்டபோது, கௌசியா கையை வேகமாக வீசினாள். கயல்விழி சிரிக்காமல் மொழிபெயர்த்தார்: “எனக்குக் காதுதான் இல்லை, கண் இருக்கிறது என்கிறார்.”

ஷஹர்பானுவுக்குத் தனி அறை கிடையாது. அவள் கூண்டில் ஏறினாள். பத்தடி தூரத்தில் யோகேஷ் நின்றான். பின் பெஞ்சில் கைலாசமும், பட்டறை ஆட்கள் இருபது பேரும்.

“மாஜிஸ்ட்ரேட் முன்னால் சத்தியம் செய்தீர்களா?”

“செஞ்சனுங்க.”

“செய்துவிட்டுப் பொய் சொன்னீர்கள்?”

“ஆமாங்க.”

“இங்கேயும் இப்போது சத்தியம் செய்திருக்கிறீர்கள். அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்கு நிஜம் சொல்கிறார் என்று எப்படி நம்புவது?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஷஹர்பானு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னய நம்ப வேண்டாமுங்க. என் வாயி பொய் சொல்லும்னு எல்லாரும் பாத்தாச்சு. அவ கையி அன்னைக்கும் இதையேதான் சொல்லுச்சு, இன்னைக்கும் இதையேதான் சொல்லுது. வீடியோவுல இருக்குதுங்க. அதப் பாத்துக்குங்க.”

வெளியே வந்தபோது படிக்கட்டில் பட்டறைப் பெண் ஒருத்தி தோளால் இடித்துவிட்டுப் போனாள். “நல்லாவே இருக்க மாட்ட” என்றாள். கூட வந்த காவலர், “போங்கம்மா, போங்க” என்று சொன்னது இடித்தவளிடமா, இடிபட்டவளிடமா என்று ஷஹர்பானுவுக்குத் தெரியவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் ராமாயி நின்றிருந்தாள். கிட்டே வந்து, “மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட நீ மாத்திச் சொன்னதக் கேட்டப்ப உன்னய மண்ண வாரித் தூத்துனேன்” என்றாள். “அந்தச் சாபத்த நான் திருப்பி எடுக்கல. ஆனா இன்னைக்கு வந்தியே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தீர்ப்பு டிசம்பரில் வந்தது. யோகேஷுக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீடு நடக்கிறது. சாட்சியை மிரட்டியதாகக் கைலாசம் மீது போட்ட வழக்கு தனியாக இழுத்துக்கொண்டிருக்கிறது. படம் எடுத்த ஆள் யார் என்றே இன்னும் நிரூபிக்கவில்லை. தீர்ப்பில் ஷஹர்பானுவைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அவள் செய்தது குற்றம், நீதியின் வழியையே திருப்பிவிடப் பார்த்தது என்று கடுமையாகத்தான் எழுதியிருந்தார் நீதிபதி. அவள் தன் பயத்தைச் சட்டத்திடம் சொன்னபோது சட்டம் போனை வைத்துவிட்டது என்றும் எழுதியிருந்தார். அவள் மீது வழக்குப் போட உத்தரவிடவில்லை. அந்தப் பக்கத்தின் நகலை அவள் எனக்குக் காட்டினாள். முதல் பாதியில் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

“ரெண்டாவது பாதிக்கு ஏன் கோடு இல்லை?” என்று கேட்டேன்.

“அது அவங்க தப்புங்க. அவங்க கோடு போட்டுக்கட்டும்.”

கௌசியா இப்போது சேலத்தில் ஒரு தையல் யூனிட்டில் வேலை செய்கிறாள். கூட வேலை பார்க்கிற நான்கு பெண்களும் அவளோடு படித்தவர்கள். அந்த அறையில் மெஷின் சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. ஓயாத பேச்சு மட்டும் உண்டு. நாஸியாவோடு வாரம் ஒருமுறை வீடியோ காலில் பேசுகிறாள். பின்னால் ஷஹர்பானு வந்தால் கால் நின்றுவிடும்.

இந்த நோன்புப் பெருநாளைக்கு மூன்று பேரும் எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போய்ச் சேலத்துக்கு வண்டி ஏறினார்கள். கதவைத் திறந்த கௌசியா நாஸியாவைக் கட்டிக்கொண்டாள். அண்ணனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஷஹர்பானு தானாகவே செருப்பைக் கழற்றி உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போதே அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் கையால் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். அங்கே போனதும் கை எழவில்லை. எழுந்திருந்தாலும் கௌசியா பார்த்திருக்கப் போவதில்லை. மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூட அவள் முகம் ஷஹர்பானு பக்கம் திரும்பவில்லை. கிளம்புகிற நேரத்தில் டீ வந்தது. தட்டில் நான்கு டம்ளர் இருந்தது. நான்காவதைக் கௌசியா ஷஹர்பானுவின் பக்கத்தில், தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பும் பேருந்தில் தமீம் கேட்டான். “எதாச்சும் பேசினாளா?”

“இல்லீங்க.”

“நீ?”

“பக்ரீதுக்கு மறுபடி போலாமுங்க” என்றாள் ஷஹர்பானு.